கிளவுட் கேமிங்: கடைக்கு வருகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் கேமிங் கணினி அசெம்பிள் செய்து தரும் சிறிய கடை வைத்திருக்கிறேன். சில வருடங்களாகவே பட்ஜெட் பேசிக்கொண்டிருக்கும்போது பாதியில் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. "அண்ணா, இனிமே கிராபிக்ஸ் கார்டே வாங்க வேண்டாமாமே, நெட் இருந்தா போதுமாமே?" கேட்கிறவர்களில் பாதிப் பேர் கல்லூரி மாணவர்கள், மீதி அவர்களை அழைத்து வரும் அப்பா அம்மா. கவுன்டரில் நின்றபடி அவசரமாகச் சொன்ன பதில்களை இங்கே பொறுமையாக எழுதியிருக்கிறேன். கணினி விற்கிறவன் வேறு என்ன சொல்வான் என்று நினைக்க வேண்டாம். "உனக்கு இப்போதைக்கு இதுவே போதும்" என்று சொல்லி அனுப்பிய பிள்ளைகளும் உண்டு.

கிளவுட் கேமிங்னா என்ன? யூடியூப்ல கேம் பார்க்குற மாதிரியா?

பாதி சரி. கேம் ஓடுவது உங்கள் வீட்டில் இல்லை, எங்கோ ஒரு டேட்டா சென்டரில் இருக்கும் கணினியில். அங்கே உருவாகும் படம் வீடியோவாகச் சுருக்கப்பட்டு உங்கள் திரைக்கு வருகிறது. நீங்கள் அழுத்தும் பட்டன் இங்கிருந்து அங்கே போகிறது.

யூடியூப் அடுத்த சில விநாடிகளுக்கான வீடியோவை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ளும். நெட் கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. கேமில் அடுத்த காட்சி என்ன என்பதை உங்கள் விரல்தான் முடிவு செய்கிறது, அதனால் எதையும் முன்கூட்டி அனுப்பி வைக்க முடியாது. இந்தத் தொழில்நுட்பத்தின் பெரும்பாலான கஷ்டங்கள் இங்கிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

அப்போ என் பழைய லேப்டாப்பே போதுமா?

வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடினால் போதும். சுமாரான லேப்டாப், ஆண்ட்ராய்டு போன், சில டிவிகள் எல்லாவற்றிலும் ஓடும். மைக்ரோசாஃப்டின் கிளவுட் கேமிங்குக்கான எக்ஸ்பாக்ஸ் செயலி சாம்சங் டிவியில் 2022-லேயே வந்துவிட்டது. ஒரு கன்ட்ரோலர் மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள், தொடுதிரையில் இந்த வகை கேம்களை விளையாடுவது சிரமம்.

வீட்ல 100 எம்பிபிஎஸ் ஃபைபர் இருக்கு. அப்புறம் ஏன் லேக் ஆகுது?

என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். லாரியில் எவ்வளவு சரக்கு ஏறும் என்பது ஒன்று, அந்த லாரி வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பது வேறு. 100 எம்பிபிஎஸ் என்பது சரக்கின் அளவு. கேமுக்கு முக்கியம் வந்து சேரும் நேரம். நொடிக்கு 60 காட்சிகள் ஓடும் கேமில் ஒரு காட்சியின் ஆயுள் 16.7 மில்லிசெகண்டுதான் (ஒரு நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மில்லிசெகண்டு). ஃபைபர் கம்பிக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னைக்கும் மும்பைக்கும் நேர்கோட்டில் சுமார் 1,000 கிலோமீட்டர். போய்வர 10 மில்லிசெகண்டு அதிலேயே போய்விடுகிறது, இதை எந்த நிறுவனத்தாலும் குறைக்க முடியாது. கம்பி நேர்கோட்டில் போவதும் இல்லை, நடுவில் பல ரூட்டர்கள் வேறு. என் கடை இணைப்பிலிருந்து மும்பை சர்வருக்குப் போய்வர 30 மில்லிசெகண்டைத் தாண்டிவிடுகிறது. சர்வர் சிங்கப்பூரில் இருந்தால் சென்னையிலிருந்தே 3,000 கிலோமீட்டருக்குப் பக்கம் வரும்.

இதோடு முடியவில்லை. அங்கே படத்தை வீடியோவாகச் சுருக்க, இங்கே விரிக்க, டிவி அதைத் திரையில் காட்ட என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குச் சில மில்லிசெகண்டு எடுத்துக்கொள்கிறது. எல்லாம் சேரும்போதுதான் பட்டனை அழுத்தியதற்கும் ஆள் குதிப்பதற்கும் இடையே ஒரு இழுவை தெரிகிறது.

தாமதம் ஒரே அளவாக இருந்தால்கூட கை பழகிவிடும். ஒரு நொடி 30 மில்லிசெகண்டு, அடுத்த நொடி 120 என்று குதித்தால் விளையாடவே முடியாது. வீடுகளில் நான் பார்த்தவரை இதற்குப் பெரும்பாலும் காரணம் வைஃபைதான். ஒரு பையன் வீட்டில் ரூட்டர் ஹாலில் இருந்தது, அவன் அறை இரண்டு சுவர் தள்ளி. 15 மீட்டர் லேன் கேபிள் ஒன்றைச் சுவரோரமாக இழுத்துக் கொடுத்தேன், அன்றைக்கே பிரச்சினை தீர்ந்தது. பிளானை மாற்றும் முன் கேபிளைப் போட்டுப் பாருங்கள். கேபிளுக்கு வழியில்லை என்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாறுங்கள்.

மொபைல் டேட்டால விளையாடலாமா? ஒரு நாளைக்கு 2 ஜிபி இருக்கு.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 எம்பிபிஎஸ் வேகத்தில் வீடியோ வந்தால் ஒரு மணி நேரத்துக்கு 6.75 ஜிபி. உங்கள் 2 ஜிபி 18 நிமிடத்தில் காலி. 25 எம்பிபிஎஸ் என்றால் மணிக்கு 11 ஜிபிக்கு மேல். பல வீட்டு ஃபைபர் திட்டங்களில் மாத வரம்பு 3,300 ஜிபி, அதனால் வீட்டில் பயப்பட வேண்டியதில்லை. தினசரி வரம்புள்ள மொபைல் பேக்குக்கு இது சரிப்படாது.

வரம்பில்லாத 5ஜி இருந்தால் ஓடும். இந்தியாவில் 5ஜி வருவதற்கு முன்பே, 2021-ல், ஏர்டெல் மானேசரில் நடத்திய 5ஜி சோதனையில் கிளவுட் கேமிங்கைத்தான் செய்து காட்டினார்கள். சோதனையில் டவருக்குக் கீழே இரண்டு பேர். நிஜத்தில் மாலை 8 மணிக்கு அதே டவரை ஊரே பகிர்ந்துகொள்கிறது. வேகம் போதுமான அளவு வந்தாலும் தாமதம் ஏறி இறங்கும்.

இது புதுசா வந்த டெக்னாலஜிதானே? போகப் போக சரியாயிடும்ல?

புதிது இல்லை. ஆன்லைவ் என்ற அமெரிக்க நிறுவனம் 2009-ல் இதை மேடையில் செய்து காட்டி, 2010-ல் கடை திறந்தது. 2012-ல் ஊழியர்களை வெளியே அனுப்பி, சொத்துகளைக் கைமாற்றியது. 2015 ஏப்ரலோடு சேவை நின்றது, காப்புரிமைகளைச் சோனி வாங்கிக்கொண்டது. ஆன்லைவின் போட்டியாளரான கைகாயையும் சோனி 2012-லேயே 38 கோடி டாலருக்கு வாங்கியிருந்தது. அதிலிருந்து வந்ததுதான் பிளேஸ்டேஷன் நவ் என்ற சோனியின் கிளவுட் சேவை. இன்று அது பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவுக்குள் ஒரு பகுதியாகக் கரைந்துவிட்டது.

தொழில்நுட்பம் நிஜமாகவே முன்னேறியிருக்கிறது. ஆன்லைவ் காலத்துப் படத்தையும் இன்றைய படத்தையும் ஒப்பிடவே முடியாது. ஆனால் அப்போது நிறுவனங்களைச் சாய்த்த பணக் கணக்கு பெரிதாக மாறவில்லை. அதைக் கொஞ்சம் கீழே விளக்குகிறேன்.

கூகுளே ஸ்டேடியாவை மூடிட்டாங்களே, ஏன்? அவங்ககிட்ட இல்லாத சர்வரா?

ஸ்டேடியா கூகுள் நடத்திய கிளவுட் கேமிங் சேவை. சர்வரில் குறை இல்லை. நல்ல இணைப்பில் ஸ்டேடியா நன்றாகவே ஓடியது. 2019 மார்ச்சில் அறிவித்தார்கள், நவம்பர் 19 அன்று 14 நாடுகளில் தொடங்கினார்கள். இந்தியா அதில் இல்லை. முதலில் சேர்ந்தவர்கள் கன்ட்ரோலர் முதலானவை அடங்கிய ஒரு பெட்டியை 129 டாலருக்கு வாங்க வேண்டும், அதற்கு மேல் கேம் ஒவ்வொன்றையும் தனியாக விலை கொடுத்து வாங்க வேண்டும். அப்படி வாங்கிய கேம் ஸ்டேடியாவில் மட்டும்தான் ஓடும், டவுன்லோடு கிடையாது. கூகுள் எத்தனை சேவைகளை நடுவில் நிறுத்தியிருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் முழு விலை கொடுக்க மக்கள் தயங்கினார்கள். அந்தத் தயக்கத்தைக் கூகுள் குறைத்து மதிப்பிட்டது என்பதுதான் என் கருத்து.

இன்னொரு பக்கம் கேம் உருவாக்குகிறவர்கள். ஸ்டேடியா லினக்ஸ் என்ற வேறு இயங்குதளத்தில் ஓடியதால் விண்டோஸ் கேமை அப்படியே எடுத்து வைக்க முடியாது, தனியாக வேலை செய்து மாற்ற வேண்டும். வாடிக்கையாளர் குறைவாக இருக்கும் கடைக்காக யார் அந்தச் செலவைச் செய்வார்கள்? கேம் வராததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் கேம் வரவில்லை. சொந்தமாக கேம் தயாரிக்க ஆரம்பித்த ஸ்டுடியோக்களையும் 2021 பிப்ரவரியில் கூகுளே மூடியது. சேவை தொடங்கி 15 மாதம்கூட ஆகவில்லை. அந்தச் செய்தி வந்ததும் மீதி நம்பிக்கையும் போனது. 2022 செப்டம்பர் 29 அன்று மூடுவதாக அறிவித்தார்கள், 2023 ஜனவரி 18 அன்று சர்வர் நின்றது.

ஸ்டேடியால காசு போட்டவங்க கதி என்ன ஆச்சு?

இதில் கூகுள் நியாயமாக நடந்துகொண்டது என்றே சொல்ல வேண்டும். கூகுள் கடையில் வாங்கிய பெட்டிக்கும் கன்ட்ரோலருக்கும், ஸ்டேடியாவில் வாங்கிய கேம்களுக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மாதச் சந்தா மட்டும் திரும்பவில்லை. கன்ட்ரோலரை ப்ளூடூத்தில் வேலை செய்யவும் வழி செய்தார்கள். கேம் தயாரிக்கும் யுபிசாஃப்ட் நிறுவனம் தன் கேம்களை வாங்கியவர்களுக்குக் கணினிப் பிரதி கொடுத்தது.

பணம் வந்தாலும், வருடக்கணக்காக விளையாடிச் சேர்த்த சேவ் ஃபைலைப் பல கேம்களில் வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. ஸ்டேடியாவுக்கென்றே செய்யப்பட்ட அவுட்காஸ்டர்ஸ் போன்ற கேம்கள் சேவையோடு சேர்ந்து மறைந்தன. டிஸ்க் இல்லை, இன்ஸ்டால் ஃபைல் இல்லை. எவ்வளவு பெரிய ரசிகராக இருந்தாலும் இனி அதை விளையாட முடியாது. அதை உருவாக்கியவர்களின் உழைப்பை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு கனக்கிறது. இன்னொரு நிறுவனம் மூடினால் இதே மாதிரி பணம் வரும் என்று எந்த உறுதியும் இல்லை.

நெட்ஃப்ளிக்ஸ் இதே மாதிரிதானே வீடியோ அனுப்புது? அவங்க சம்பாதிக்கும்போது இவங்களால ஏன் முடியல?

நெட்ஃப்ளிக்ஸில் ஒரு படத்தை ஒருமுறை தயார் செய்து வைத்தால் போதும், அதே ஃபைல் லட்சம் பேருக்குப் போகும். கேமில் ஒவ்வொருவர் பார்ப்பதும் வேறு காட்சி. ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, குறைந்தது அதில் ஒரு பங்கு, விளையாடும் நேரம் முழுக்க உழைக்க வேண்டும். கரன்ட் செலவு, குளிரூட்டும் செலவு எல்லாம் ஆள் கணக்குப்படி ஏறும்.

அப்புறம் நேரம். எல்லோரும் விளையாட உட்காருவது இரவு 8 முதல் 11 வரை. அந்த நேரத்தில் 1,000 பேர் வருவார்கள் என்றால் 1,000 பேருக்கான இயந்திரம் வாங்கி வைக்க வேண்டும். காலை 10 மணிக்கு அதில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். நமக்குப் பகலாக இருக்கும்போது அமெரிக்காவில் இரவுதானே, அவர்களுக்கு வாடகைக்கு விடலாமே என்றால், மேலே லேக் பற்றிச் சொன்ன தூரக் கணக்கு குறுக்கே வந்துவிடும். அதனால் ஒவ்வொரு பகுதிக்கும் தனி முதலீடு. நிறைய விளையாடுகிற வாடிக்கையாளர்தான் இங்கே நிறுவனத்துக்கு அதிகச் செலவு வைக்கிறவர்.

இந்த அழுத்தம் இப்போது வெளிப்படையாகவே தெரிகிறது. கிராபிக்ஸ் சிப் தயாரிக்கும் என்விடியாவின் கிளவுட் சேவையான ஜிஃபோர்ஸ் நவ் 2025 முதல் மாதத்துக்கு 100 மணி நேரம் என்ற வரம்பைக் கொண்டுவந்தது. மைக்ரோசாஃப்டின் கிளவுட் கேமிங்கும் அடங்கிய எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் மாதச் சந்தா அமெரிக்காவில் 2025 அக்டோபரில் 19.99 டாலரிலிருந்து 29.99 டாலருக்குப் போனது. முழுக் கணினியையே வாடகைக்குத் தந்த பிரெஞ்சு சேவையான ஷேடோ 2021-ல் திவால் நடவடிக்கைக்குப் போய் வேறு கைக்கு மாறியது. மைக்ரோசாஃப்ட், சோனி, அமேசான் மாதிரி வேறு வருமானம் உள்ளவர்களால்தான் இதைத் தாக்குப்பிடிக்க முடிகிறது.

ஸ்டீம்ல நான் வாங்கின கேமை ஏன் ஜிஃபோர்ஸ் நவ்ல விளையாட முடியல? காசு கொடுத்தது நான்தானே?

கோபம் நியாயமானது. ஸ்டீம் என்பது கணினி கேம்களை விற்கும் இணையக் கடை. ஜிஃபோர்ஸ் நவ் தன்னை வாடகைக் கணினி என்றுதான் சொல்லிக்கொண்டது. கேம் உங்களுடையது, கணினி மட்டும் எங்களுடையது என்பது அவர்கள் வாதம். 2020 பிப்ரவரியில் சோதனைக் கட்டம் முடிந்து முழுச் சேவையானதும் கேம் நிறுவனமான ஆக்டிவிஷன் பிளிஸார்டு தன் கேம்களை எடுத்துவிட்டது, பெதஸ்டாவும் 2கே நிறுவனமும் பின்னாலேயே போயின. இன்னொருவர் எங்கள் கேமை வைத்துச் சம்பாதிக்க எங்களிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். கடைசியில் கேம் நிறுவனங்களின் வாதம்தான் நின்றது, அனுமதி கொடுத்த கேம்கள் மட்டுமே இப்போது அங்கே ஓடும்.

வீட்டில் நான் வாங்கும் கணினியில் என் கேமை ஓட்ட யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. வாடகைக் கணினியில் மட்டும் ஏன் கேட்க வேண்டும் என்பது எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை.

மைக்ரோசாஃப்ட் ஆக்டிவிஷனை வாங்கினப்போ கிளவுட் கேமிங்தான் பிரச்சினைன்னாங்களே, அது என்ன?

2022 ஜனவரியில் 6,870 கோடி டாலருக்கு வாங்கப் போவதாக அறிவித்தார்கள். 2023 ஏப்ரலில் பிரிட்டனின் போட்டி ஆணையம் அதைத் தடுத்தது. கிளவுட் கேமிங் இன்னும் சின்னச் சந்தை, இப்போதே பெரிய கேம்கள் எல்லாம் ஒருவர் கைக்குப் போனால் வேறு யாரும் வளர முடியாது என்பது அவர்கள் சொன்ன காரணம். பிறகு ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியே ஆக்டிவிஷன் கேம்களின் கிளவுட் உரிமையை யுபிசாஃப்டுக்குக் கொடுத்துத்தான் அக்டோபரில் வாங்கி முடித்தார்கள். இதற்கிடையே மைக்ரோசாஃப்ட் என்விடியாவோடு 10 வருட ஒப்பந்தம் போட்டதால், முந்தைய பதிலில் சொன்ன ஆக்டிவிஷன் கேம்கள் ஜிஃபோர்ஸ் நவ்வுக்குத் திரும்பின.

ஐபோன்ல ஏன் பிரவுசர்லதான் ஓடுது?

கிளவுடில் உள்ள ஒவ்வொரு கேமும் தனித்தனியாக ஆப் ஸ்டோரில் வர வேண்டும் என்று ஆப்பிள் 2020-ல் விதி வைத்தது. அதனால் எல்லோரும் சஃபாரி பிரவுசர் வழியாகச் சுற்றி வந்தார்கள். 2024 ஜனவரியில் ஆப்பிள் விதியைத் தளர்த்தியது, ஆனால் பிரவுசர் பழக்கம் அப்படியே இருக்கிறது.

இந்தியால எது கிடைக்குது?

எக்ஸ்பாக்ஸ் கிளவுட் கேமிங் 2025 நவம்பரில் இங்கே வந்தது. வெளிநாடுகளில் 2020 செப்டம்பரிலேயே தொடங்கியது, ஐந்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. ஜிஃபோர்ஸ் நவ் இந்தியாவுக்கு வரும் என்று என்விடியா 2025 ஜனவரியில் அறிவித்தது. ஜியோவும் ஜியோகேம்ஸ்கிளவுட் என்று ஒன்றை நடத்துகிறது. பிளேஸ்டேஷன் பிளஸில் நமக்குக் கொடுக்கப்பட்டது டீலக்ஸ் என்ற திட்டம், வெளிநாட்டு பிரீமியத்தில் இருக்கும் கிளவுட் வசதி இதில் இல்லை. விபிஎன் (வெளிநாட்டில் இருப்பது போல் காட்டும் செயலி) போட்டு வெளிநாட்டுக் கணக்கில் விளையாட வழி கேட்டு வருகிறார்கள். தூரம் கூடினால் என்ன ஆகும் என்று மேலேயே சொல்லிவிட்டேன், கணக்கு முடக்கப்படும் ஆபத்தும் உண்டு. வேண்டாம்.

ஆன்லைன் கேமை அரசு தடை பண்ணிட்டதா சொல்றாங்களே. பையன் மாட்டிக்க மாட்டானே சார்?

அப்பாக்கள் கேட்கும் கேள்வி. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் கட்டி, பணம் ஜெயிக்கலாம் என்று ஆடும் விளையாட்டுகளைத்தான் தடை செய்கிறது. இ-ஸ்போர்ட்ஸையும் பந்தயம் இல்லாத விளையாட்டுகளையும் அது தடுக்கவில்லை. தமிழ்நாட்டில் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை உள்ளே நுழையக் கூடாது என்ற விதியும் பண விளையாட்டுகளுக்காக வந்ததுதான். கிளவுட் கேமிங் சந்தாவில் பந்தயம் எதுவும் இல்லை. ராத்திரி எத்தனை மணி வரை விளையாடலாம் என்பதை வீட்டில் நீங்களே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

ராம் விலை ஏறிடுச்சு, கார்டு விலையும் குறையல. இப்போ கிளவுட்தானே லாபம்?

2025 கடைசியிலிருந்து ராம் விலை ஏறியது உண்மை. கொட்டேஷன் கொடுத்த பிறகு வாடிக்கையாளரைக் கூப்பிட்டு விலை மாறிவிட்டது என்று சொல்ல வேண்டிய நிலை எனக்கே வந்தது. பெரிய கதை கேம்களை வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் விளையாடுகிற ஒருவருக்கு, இன்றைய விலையில் சந்தா நிச்சயம் மலிவு.

ஆனால் ராம் விலையை ஏற்றியதே செயற்கை நுண்ணறிவுக்காகக் கட்டப்படும் டேட்டா சென்டர்கள்தான். கிளவுட் கேமிங் நடத்துகிறவர்களும் அதே சிப், அதே மெமரி, அதே மின்சாரத்தைத்தான் வாங்க வேண்டும். ஒரு கிராபிக்ஸ் சிப்பைச் செயற்கை நுண்ணறிவு வேலைக்கு வைத்தால் கூடுதல் வருமானம் என்றால், மாதச் சந்தா கேமருக்கு அதை ஒதுக்க நிறுவனம் எவ்வளவு நாள் மனசு வைக்கும்? இன்றைய சந்தா விலையை மூன்று வருடத்துக்குப் பெருக்கி, கணினி விலையோடு ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள். சந்தா அதே விலையில் நிற்காது என்றே நினைக்கிறேன்.

பத்து வருஷத்துல கன்சோல், பிசி எல்லாம் போய்டுமா?

போகாது என்பது என் கணிப்பு. போட்டி ஷூட்டர், சண்டை கேம் ஆடுகிறவர்களுக்கு ஒவ்வொரு மில்லிசெகண்டும் கணக்கு, அவர்கள் சொந்தக் கணினியை விட மாட்டார்கள். கிளவுட் மட்டும்தான் என்று வந்த ஆன்லைவும் ஸ்டேடியாவும் விழுந்தன. கன்சோலோடும் சந்தாவோடும் ஒட்டிக்கொண்டு வந்தவை நிற்கின்றன. 100 ஜிபி கேமை இறக்காமலே முதலில் கொஞ்சம் விளையாடிப் பார்க்க, பயணத்தில் கையடக்கக் கருவியில் விட்ட இடத்திலிருந்து தொடர, இப்படிப்பட்ட வேலைகளுக்கு இது அருமை. சோனியின் பிளேஸ்டேஷன் போர்ட்டல் 2023-ல் வந்தபோது வீட்டு கன்சோலிலிருந்து மட்டும்தான் படம் எடுத்தது, ஒரு வருடம் கழித்துக் கிளவுட் வசதியைச் சோதனையாகச் சேர்த்தார்கள். வளர்ச்சி இந்தப் பாதையில்தான் போகும் என்று நினைக்கிறேன்.

நம்மைப் போன்ற ஊர்களுக்கு இன்னொரு நம்பிக்கை உண்டு. சென்னையில் கடலடி கேபிள்கள் கரையேறுகின்றன, பெரிய டேட்டா சென்டர்களும் அங்கே வந்துவிட்டன. கேம் சர்வரும் சென்னைக்கு வந்தால் திருச்சிக்கு 300 கிலோமீட்டர்தான். கார்டு வாங்க வசதியில்லாத பிள்ளைக்கு அது நிஜமான கதவு. அதனால்தான் இது தோற்றுவிட வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை.

சரி அண்ணா, நான் இப்போ என்ன பண்ணட்டும்?

ஒரு மாதச் சந்தா மட்டும் போடுங்கள், வருடச் சந்தா எவ்வளவு தள்ளுபடியில் வந்தாலும் வேண்டாம். வேலை நாளில் இரவு 9 மணிக்கு, கேபிள் போட்டு, ஒரு வாரம் விளையாடிப் பாருங்கள். ஞாயிறு காலையில் நன்றாக ஓடியதை வைத்து முடிவு செய்யாதீர்கள். கேமை விலை கொடுத்து வாங்குவதென்றால் ஸ்டீம் மாதிரி, நாளைக்கு உங்கள் சொந்தக் கணினியிலும் இறக்கிக்கொள்ளக்கூடிய கடையில் வாங்குங்கள். ஒரு வாரம் கழித்தும் கையில் இழுவை தெரிகிறது, விளையாட விருப்பமே குறைகிறது என்றால் கடைக்கு வாருங்கள். மிச்சம் வைத்த பணத்துக்கு என்ன கணினி அமையும் என்று உட்கார்ந்து பார்க்கலாம்.